மறதி நோய்: ஒருவர் தலையில் விழும் சுமை

டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்தவரைத் தமிழ்நாட்டில் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வீடுதான். மருத்துவர் நோயின் பெயரைச் சொல்வார், மாத்திரை எழுதித் தருவார், மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார். இடையில் உள்ள பகலும் இரவும் வீட்டாருடையவை. வீட்டார் என்று பொதுவாகச் சொன்னாலும் கூர்ந்து பார்த்தால் அது அநேகமாக ஒரே ஆள்: மனைவி, மகள் அல்லது மருமகள். ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு, சில வீடுகளில் பத்து ஆண்டுக்கு மேலும் நீளும் அந்த வேலை அவருடைய உடம்பையும் மனதையும் வருமானத்தையும் எப்படி அரிக்கிறது என்பது நோயைப் பற்றிய பேச்சில் கடைசியாகத்தான் வருகிறது. பல நேரம் வருவதே இல்லை.

மூளை அணுக்கள் சிதைந்து நினைவு, பேச்சு, கணக்கு, வழி தெரிதல், பகுத்தறிதல் எல்லாம் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடியாத நிலைக்கு ஒருவரைக் கொண்டுபோகும் பல நோய்களுக்குப் பொதுவான பெயர் மறதி நோய். அவற்றில் அதிகம் காணப்படுவது, 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த அல்சைமர் நோய். அடுத்தது, மூளையின் ரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊர்களில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, கீழே விழுந்து தலைக்குள் கட்டிய ரத்தம், கடும் மனச்சோர்வு ஆகியவையும் மறதி நோய்போலவே தோற்றம் காட்டும். இவற்றைப் பெருமளவு சரிசெய்யலாம். அதனால்தான் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் ஒருமுறையாவது முழுப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அல்சைமருக்கு முழுக் குணம் தரும் மருந்து இன்றுவரை இல்லை. டோனெபெசில், மெமன்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் ஓரளவு கைகொடுக்கும், அவ்வளவுதான்.

இது எங்கோ பெருநகரத்தில் இருப்பவர்களின் நோய் என்ற எண்ணம் தவறு. 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் அது கூடுதலாக இருந்தது. தமிழ்நாடு வேகமாக மூப்படையும் மாநிலம். 2021-ல் நம் மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள் என்று அரசு மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றின் கரையில் உள்ள திருவதிகை, அதை ஒட்டிய பண்ருட்டி, அங்கிருந்து நெய்வேலி வரையிலான ஊர்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டால், இந்தச் சுமை விழும் இருவகை வீடுகளை அருகருகே பார்க்கலாம். ஒன்று, நிலக்கரியை நம்பி வளர்ந்த வீடு. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது. சுரங்க வேலை 1957-ல் ஆரம்பமானது. அறுபதுகளில் இளைஞர்களாக அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எண்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். நகரியக் குடியிருப்பு வேலையில் இருக்கும்வரைதான். ஓய்வுபெற்றதும் காலி செய்துவிட்டு வடக்குத்து, வடலூர், பண்ருட்டி, கடலூர், புதுச்சேரி என்று வீடு கட்டிப் போனவர்கள் ஏராளம். நன்றாகப் படிக்கவைத்த பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மறதி நோய் நுழைந்தால், எண்பது வயதுக் கணவரைத் தூக்கி உட்கார வைப்பவர் முழங்கால் தேய்ந்த எழுபத்தைந்து வயது மனைவி.

இன்னொன்று முந்திரியையும் பலாவையும் நம்பிய வீடு. இங்கே ஆள் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. முந்திரி உடைக்கவோ தோல் உரிக்கவோ போகும் மருமகள் ஒருநாள் வீட்டில் இருந்தால் அந்த நாள் கூலி போயிற்று. போனால், கிழவி எழுந்து தெருவில் இறங்கிவிடுவாரோ, அடுப்பைப் பற்றவைத்துவிடுவாரோ என்ற பயம் கூடவே போகும்.

கூட்டுக் குடும்பமாக இருந்தால் இந்தச் சுமை பகிர்ந்துகொள்ளப்படும் என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. உலகின் மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியது அல்ல என்ற குறையைச் சுட்டி, '10/66' என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சிக் குழு 1998-ல் கொச்சியில் உருவானது. சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுகளில் இடம்பெற்றன. பல தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழும் வீடுகளிலும் பார்த்துக்கொள்பவரின் மன அழுத்தம் மேலை நாடுகளில் உள்ளதற்குக் குறைவில்லை என்று அவர்கள் கண்டார்கள். காரணம் எளிது. வீட்டில் எட்டுப் பேர் இருந்தாலும் குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் ஊட்டுவதும் ஒருவர் கைக்கே வந்து சேர்கின்றன. மற்ற ஏழு பேரும் யோசனை சொல்வார்கள்.

அந்த ஒருவரின் நாள் எப்படிப் போகிறது? தொடக்கத்தில் வேலை குறைவு, எரிச்சல் அதிகம். கேட்ட கேள்வியையே இருபது முறை கேட்பார். வைத்த இடம் மறந்த கண்ணாடியை யாரோ எடுத்துவிட்டதாகச் சொல்வார். இடைக்காலம்தான் மிகக் கொடியது. குளிக்க மறுப்பார், அழுக்குத் துணியைக் கழற்ற விடமாட்டார், கழிப்பறை எது என்று தெரியாமல் கூடத்து மூலையில் போய்விடுவார். பொழுது சாயும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும், வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தபடி இருப்பார்கள். இரவு தூங்கமாட்டார்கள். முப்பது வருடம் ஷிப்ட் பார்த்த உடம்பு நள்ளிரவில் எழுந்து டியூட்டிக்குக் கிளம்பினால் அதில் வியப்பில்லை. புதிய நினைவுகள் முதலில் அழிகின்றன, பழக்கமாக ஊறியவை கடைசிவரை நிற்கின்றன. நோய் முற்றியபின் நடை நின்றுவிடும். அப்போது புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப் புண் வராமல் காப்பது, புரையேறாமல் ஊட்டுவது என்று வேலையின் தன்மையே மாறும்.

"வீட்டுக்குப் போகணும்" என்பது மறதி நோயாளிகள் ஓயாமல் சொல்லும் சொல். சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே சொல்வார்கள். அவர்கள் தேடுவது பிள்ளைப் பருவத்து வீட்டை, அம்மா இருந்த வீட்டை. நெய்வேலிப் பக்கத்தில் இதற்கு இன்னொரு வலியும் உண்டு. சுரங்கத்துக்காக ஊர்களே எழுந்து போன பகுதி இது. அங்கே பிறந்த முதியவர் ஊருக்குப் போக வேண்டும் என்று அழுதால், கூட்டிப்போய்க் காட்டுவதற்கு அந்த ஊர் இல்லை. அழைத்துப் போகவும் முடியாமல், உண்மையைச் சொல்லவும் மனம் வராமல் தவிப்பவர் பக்கத்தில் இருப்பவர்தான்.

உடல் உழைப்பைத் தாங்கிக்கொள்கிறவர்கள்கூடப் பழிச்சொல்லில் உடைந்துபோகிறார்கள். சாப்பிட்டதே நினைவில் நிற்காததால் அடுத்த வீட்டுக்குப் போய் "சோறு போட மாட்டேங்கிறா" என்று மாமியார் சொல்லிவிடுவார். "அத்தை, இப்பத்தானே சாப்டீங்க?" என்று மருமகள் கேட்பது பொய்போலவே தெருவுக்குத் தோன்றும். நகையைத் திருடிவிட்டாள், விஷம் வைக்கப் பார்க்கிறாள் என்பது வரை போகும். இந்தச் சந்தேகம் நோயின் ஒரு குறி என்று மருத்துவர்களுக்குத் தெரியும். உறவுக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தெரியாது. வெளியூரிலிருந்து தொலைபேசியில் பேசும் மகனிடமோ மகளிடமோ அம்மா ஐந்து நிமிடம் தெளிவாகப் பேசிவிடுவார். "நல்லாத்தானே பேசுறாங்க, நீங்கதான் ஏதோ பெருசு பண்றீங்க" என்று பதில் வரும். இரவெல்லாம் விழித்திருந்தவருக்கு இதைவிடக் கொடிய வார்த்தை இருக்க முடியாது.

உயிரோடு இருப்பவரை இழக்கும் துக்கமும் இதில் உண்டு. ஐம்பது ஆண்டு கூட வாழ்ந்த கணவர் ஒருநாள் "நீ யாரு?" என்று கேட்கிறார். சாவு நேர்ந்தால் ஊர் கூடும், அழ இடம் கிடைக்கும், காரியம் முடிந்து ஆறுதல் வரும். இந்த இழப்புக்குச் சடங்கு எதுவும் இல்லை. அழுதால் "அவர்தான் இருக்காரே, எதுக்கு அழறே?" என்பார்கள்.

இந்தச் சுமை வெறும் மனக்குறை என்று தள்ளக்கூடியது அல்ல. 1980-ல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஜாரிட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்கக் கேள்வித்தாள் ஒன்றை உருவாக்கினார்கள். 22 கேள்விகள் கொண்ட அதன் வடிவம் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. "உங்களுக்கென்று நேரமே இல்லை என்று தோன்றுகிறதா?" என்ற வகையிலான கேள்விகள் அதில் உண்டு. 1995-ல் ஒஹாயோவில் நடந்த ஆய்வு இன்னும் அப்பட்டமானது. மறதி நோயுள்ள உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களின் கையிலும், அதே வயதுள்ள மற்ற 13 பெண்களின் கையிலும் ஒரே அளவில் சிறு காயம் உண்டாக்கி, ஆறும் நாளைக் கணக்கிட்டார்கள். பார்த்துக்கொள்பவர்களுக்குப் புண் ஆற சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. 1999-ல் வெளியான மற்றொரு ஆய்வு, துணைவரைப் பார்த்துக்கொண்டு அதனால் மன உளைச்சலுக்கும் ஆளான முதியவர்கள், அப்படிப்பட்ட பொறுப்பில்லாத முதியவர்களைவிட நான்கு ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகம் என்று கண்டது. பார்த்துக்கொள்பவர் தன் சர்க்கரை மாத்திரையை மறப்பது, தன் கண் அறுவையைத் தள்ளிப்போடுவது, சாப்பிடாமல் படுப்பது எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கியவைதான்.

பெண்கள்மேல்தான் இது அதிகம் விழுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மறதி நோயாளிகளுக்குச் செலவாகும் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. திருவதிகை என்றதும் நினைவுக்கு வருபவர் திலகவதியார். மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டபின் தம்பிக்காகவே உயிர் தரித்து, பின்னாளில் சூலை நோயோடு நள்ளிரவில் வந்து விழுந்த தம்பியை ஏற்று ஆற்றுப்படுத்திய தமக்கை அவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தத் தம்பிதான் நாவுக்கரசர். நோயாளியைத் தாங்கும் பெண்ணைப் போற்றுவதில் நம் மரபு குறைவைக்கவில்லை. ஆனால் நாவுக்கரசரின் நோய் தீர்ந்தது. மறதி நோய் தீராது, நாளுக்கு நாள் முற்றும். தீராத நோயைத் தாங்குகிறவருக்குப் புகழ்ச்சி போதாது, மாற்று ஆள் வேண்டும். "அவளைப்போல மருமகள் கிடைக்கக் கொடுத்துவச்சிருக்கணும்" என்ற பாராட்டு, பல வீடுகளில் உதவிக்குப் பதிலாகவே கொடுக்கப்படுகிறது.

சுமை அளவு மீறும்போது என்ன நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதட்டுகிறார்கள், அறையில் பூட்டுகிறார்கள், கட்டிலோடு கட்டுகிறார்கள், சிலர் அடித்தும்விடுகிறார்கள். அடித்த கையோடு அழுகிறவர்களும் அவர்களே. முதியவருக்கு நேரும் கொடுமை கொடுமைதான், அதற்குச் சமாதானம் கிடையாது. ஆயினும் அதைத் தடுக்க நினைப்பவர்கள், தூங்காமல் கிடக்கும் அந்த மனிதருக்கு ஓய்வு கொடுப்பதிலிருந்துதான் தொடங்க முடியும். தூக்க மாத்திரையோ மனநோய் மருந்தோ கேட்டு வாங்கிக் கொடுத்துப் படுக்கவைப்பது எளிய வழிபோலத் தெரியும். மனநோய் மருந்துகள் சில, மறதி நோயுள்ள முதியவர்களிடம் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. தேவைப்படும் இடத்தில் மருத்துவர் அளவோடு தருவது வேறு, பக்கத்துக் கடையில் சொல்லி வாங்குவது வேறு.

சட்டத்தின் பார்வையில், பார்த்துக்கொள்ளும் இந்த மனிதர் அநேகமாக இல்லை. 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பெற்றோரைக் காக்கும் கடமையைப் பிள்ளைகள்மேல் வைக்கிறது. கைவிட்டால் தண்டனையும் உண்டு. அது தேவையான சட்டம். காக்கிறவருக்கு என்ன துணை என்று அது கேட்கவில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயர் ஆதரவு தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை தரும் திட்டங்களை வகுக்கச் சொல்கிறது. மறதி நோயாளிகளின் குடும்பங்களில் இதை அறிந்தவர்கள் குறைவு. பழைய வருமான வரி முறையில் உள்ளவர்களுக்கு மூத்த குடிமக்களின் குறிப்பிட்ட சில நோய்களுக்கான சிகிச்சைச் செலவில் ஒரு லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. உரிய ஊனச் சான்று இருந்தால் டிமென்ஷியாவும் அந்தப் பட்டியலில் அடங்கும்.

வங்கிக் கணக்கும் சொத்தும் இன்னொரு தலைவலி. கையெழுத்து மறந்துபோன கணவரின் பணத்தை, அவருடைய மருந்துக்கே மனைவி எடுக்க முடியாமல் நிற்கும் நிலை வரும். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொத்து நிர்வாகத்துக்கு வழி சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்கள் உயர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. நினைவிழந்து கிடந்த கணவரின் சொத்தை விற்று அவரையே பராமரிக்க, மனைவியைப் பாதுகாவலராக நியமித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும்போதே கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது, வாரிசு நியமனத்தைச் சரிபார்ப்பது, உயில் எழுதுவது ஆகியவற்றை அவருடைய முழுச் சம்மதத்தோடு முடித்துவிடுவது நல்லது. பின்னால் அந்த வாசல் அடைபட்டுவிடும்.

இத்தனைக்கும் இந்தச் சுமையைக் குறைக்கும் வழி தெரியாமல் இல்லை, செலவும் பெரிதில்லை. கோவாவில் 81 குடும்பங்களை வைத்து நடந்து 2008-ல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆறு மாத காலம் மறதி நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். நோய் என்ன என்று விளக்குவது, முரண்டு பிடிக்கும்போது எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தருவது, மற்ற உறவினர்களையும் உட்காரவைத்துப் பேசி வேலையைப் பங்கிடச் செய்வது, அரசு உதவிகளுக்கு வழிகாட்டுவது ஆகியவையே அவர்கள் வேலை. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் துணைக்கு வருவார். பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. இங்கிலாந்தில் எட்டே அமர்வுகளில் கற்றுத்தரப்பட்ட ஒரு பயிற்சியின் பலன் இரண்டு ஆண்டு கழித்தும் நின்றது. அந்தப் பயிற்சி கிடைக்காதவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு ஏழு மடங்கு அதிகமாக இருந்தது.

அப்படி என்ன கற்றுத்தருகிறார்கள்? பெரும்பகுதி எளிய விஷயங்கள். வாதாடாமல் இருப்பது முதல் பாடம். "சாப்பிடவில்லை" என்பவரிடம் சாப்பிட்டதை நிரூபிக்க முயலாமல், "இதோ எடுத்து வர்றேன்" என்று ஒரு வாய் பழத்தைக் கொடுத்துப் பேச்சை மாற்றுவது. குளியல், சாப்பாடு, நடை எல்லாவற்றையும் தினமும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வது. பகல் தூக்கத்தைக் குறைத்து வெயில் படும்படி நடக்கவைத்தால் இரவு கொஞ்சம் தூங்குவார். கழிப்பறைக் கதவில் படம் ஒட்டுவது, சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவைப்பது, காஸ் வால்வைப் பூட்டுவது. திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் கூடினால் அது சிறுநீர்த் தொற்றாகவோ மலச்சிக்கலாகவோ இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவற்றோடு, பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் சில மணி நேரமாவது முழு விடுப்பு. கோவிலுக்குப் போகட்டும், உறங்கட்டும், வெறுமனே உட்கார்ந்திருக்கட்டும். அதைக் கேட்பது சுயநலம் என்று அவரே நினைக்கும்படி நாம் பழக்கிவைத்திருக்கிறோம்.

அமைப்புகள் இல்லாமல் இல்லை. 1992-ல் கேரளத்தின் குன்னங்குளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையில் கிளை உண்டு. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல ஆராய்ச்சி நிறுவனம் 'டெம்கேர்ஸ்' என்ற பெயரில் மறதி நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்கும் சேவை செய்கிறது. முதியோர் மருத்துவத்தை ஒரு தனித் துறையாக இந்தியாவில் நிலைநாட்டிய டாக்டர் வி.எஸ்.நடராஜன், 1978-ல் அதைத் தொடங்கியது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. ஆனால் திருவதிகையிலிருந்து பார்த்தால் இவை எல்லாமே சென்னையில் இருக்கின்றன. பக்கத்தில் நம்பிப் போகக்கூடியது புதுச்சேரி ஜிப்மரின் நரம்பியல், மனநலப் பிரிவுகள். கடலூர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும் உண்டு. அங்கே போய்க் காட்டிவிட்டு வர ஒரு நாள் ஆகும். பேருந்தில் இறங்கி ஓடப் பார்க்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த ஒரு நாளைக் கடப்பது எளிதல்ல. காலையில் விட்டு மாலையில் அழைத்துவரும் பகல்நேரக் காப்பகம் ஒன்று பண்ருட்டியிலோ நெய்வேலியிலோ இருந்தால், முந்திரிக் கூலிக்குப் போகும் மருமகளுக்கும் மூட்டு வலியோடு இருக்கும் ஓய்வூதியர் மனைவிக்கும் அது ஒன்றே பெரிய உதவி.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பணியாளர்கள் ஏற்கெனவே வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலிநீக்குச் சிகிச்சையும் பிசியோதெரபியும் தருகிறார்கள். கோவாவில் செய்ததைச் செய்ய வேண்டிய ஆட்கள் நம்மிடம் தெருவரை வந்துவிட்டார்கள். கட்டிலில் இருக்கும் முதியவருக்கு அழுத்தம் பார்த்து முடித்தபின், கதவைத் திறந்துவிட்டவருக்கும் அழுத்தம் பார்த்து, "நீங்க தூங்குறீங்களா, சாப்பிடுறீங்களா, மாத்தி விட ஆள் இருக்கா?" என்று கேட்கும் கடமையை அவர்களுக்குத் தர வேண்டும். அதற்கான பயிற்சியையும் சம்பளத்தையும் அரசு தர வேண்டும்.

உறவினர்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை பண்டிகைக்கு வருவதை விட்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம் வந்து முழுப் பொறுப்பையும் ஏற்று, பார்த்துக்கொள்பவரை வெளியே அனுப்பலாம். வர முடியாதவர்கள் ஓர் ஆள் போடுவதற்கான சம்பளத்தை மாதம் தவறாமல் அனுப்பலாம். முதியோருக்கான உதவிக்கும் ஆலோசனைக்கும் 14567 என்ற எண்ணையும், பார்த்துக்கொள்பவர் தன் மனச்சோர்வைச் சொல்லி உதவி கேட்க 14416 என்ற டெலி-மனஸ் எண்ணையும் கட்டணமில்லாமல் அழைக்கலாம்.